காற்று: பூஜ்யம்

"எத்தனை அடிங்க வேணும்?"
நீலம்பூர் யார்டில் சம்பூரணம் கேட்டார்.
கை எட்டவா, கால் நிற்கவா என்றேன்.
சிரித்தார்.
அந்த ஆறடியில்தான் பலபேர் ஏமாறுகிறார்கள்.

காமநாயக்கன்பாளையத்தில் புது மில்.
கூரை முப்பத்தாறு அடி, வாசல் ஏழரை.
தரையில் கறுப்புத் தடம் விழக்கூடாதென்று
முதலாளி மூன்று தடவை சொல்லியாயிற்று.
ஆகவே பேட்டரி வண்டி,
சாம்பல் நிறச் சக்கரம்,
கம்பிகளை மடக்கினால் வாசலுக்குள் போகும்.
வாடகை பேச ஐந்து நிமிடம்.
சான்றிதழின் தேதி பார்க்க, மல்லாந்து படுத்து
எண்ணெய்க் குழாய் கசிகிறதா என்று தடவ,
சிவப்புப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்க
முக்கால் மணி நேரம்.
சுடிதாரில் கிரீஸ் ஒட்டியது. இன்னும் போகவில்லை.

லாரி வருமுன் தரையை நடந்தேன்.
நூல் மில்லுக்குத் தரையடியில் கால்வாய் உண்டு,
பஞ்சுத் தூசை உறிஞ்சிக்கொண்டு ஓடும்.
மேலே மூடிய பலகை
ஆளைத் தாங்கும்,
இரண்டரை டன்னைத் தாங்காது.
கடப்பாரை நுனியால் தட்டித் தட்டி
'டொப்' என்ற இடமெல்லாம் சுண்ணாம்பில் பெருக்கல் குறி.
அன்று மாலை அந்த மில்
யாரோ திருத்திக் கொடுத்த கணக்கு நோட்டு.

மேலே திபாகரும் குழந்தைவேலுவும்.
இருவர், ஒரு ட்ரில், ஒரு பெட்டி கிளாம்ப்.
மூன்றாவதாக ஏறப்போன எலக்ட்ரீசியனைத்
தோளைத் தட்டி இறக்கினேன்.
கீழே ஈசுவரி, கழுத்தில் விசில்.
நான்காம் நாள் மேலே பொத்தான் செத்துப்போனது.
முப்பதடி உயரத்தில் திபாகர்
ஒடியாவில் யாரையோ கூப்பிட்டான்.
அவள் விசிலைக்கூட ஊதவில்லை,
அடியில் இருந்த பிடியை இழுத்தாள்.
தட்டு மெல்ல,
பாலில் நுரை அடங்குவது போல இறங்கியது.

ஒன்பதாம் நாள் பெயர்ப் பலகை வந்தது,
பதினான்கு அடித் தகரம்.
ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள்.
"வெளிச் சுவத்துலதானுங்க,
பத்தடி தள்ளி நிறுத்துனா ஆச்சு."

வண்டியின் விலாவில் ஒரு தகடு.
வெளியே: சிவப்புக் கோடு.
காற்று: பூஜ்யம்.

அந்த வாசலில் நின்று பார்த்தால்
தென்னைகளெல்லாம் கிழக்கே தலைசாய்த்து நிற்கும்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
ஆடி முடிந்ததென்று யார் சொன்னாலும் கேட்காது.
பூஜ்யம் என்ற எண்ணை
அது கேள்விப்பட்டதே இல்லை.

"காத்தாடி ஓட்டிச் சம்பாரிச்சவன் நானு.
எனக்கே காத்தப்பத்திச் சொல்லிக் குடுக்கறயா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.
உங்க காத்தாடி ஒண்ணுக்கு
அடியில எத்தன லோடு கான்கிரீட்டு?"

அவர் பதில் சொல்லவில்லை.
வண்டியின் வெறும் நான்கு சக்கரங்களைப் பார்த்தார்.
தகரம் லாரியிலேயே படபடத்தது,
கட்டிய கயிற்றை யாரோ உள்ளிருந்து உதைப்பது போல.
சாவி என் கைக்குள் சூடேறியிருந்தது.

டீசல் வண்டிக்குப் போன் போட்டேன்,
அகலக் கால் உள்ளது, வெளிக்காற்றுக்கு அளவு எழுதியது.
அதுவும் விடியற்காலை நான்கிலிருந்து ஆறுவரை மட்டும்,
காற்றுமானியின் கிண்ணங்கள் சோம்பிச் சுற்றும்போது.
சம்பூரணம் ஐந்து நாள் ஆகும் என்றார்.

முகூர்த்தத்தன்று பெயர்ப் பலகை
உள்ளே சுவரில் சாத்தி நின்றது.
அதற்கும் சந்தனம் பூசிவிட்டார்கள்.
கூடுதல் வாடகை யார் கணக்கில் என்று
இன்னும் தீரவில்லை.
ஈசுவரி மட்டும் ஒரு லட்டை
காகிதத்தில் சுற்றி என் ஹெல்மெட்டுக்குள் வைத்திருந்தாள்.